கட்டைவிரலும் ஒரு பழைய கேமராவும்: கொஞ்சம் நீளமான இழை

1/
போன மாசம் காசிமேட்டில் என் கேமரா கையிலிருந்து நழுவிருச்சு. கழுத்தில் ஸ்ட்ராப் இருந்ததால தப்பிச்சது. அதுக்கப்புறம் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைப் பிடிக்க என்னென்ன கிரிப் கிடைக்குதுன்னு தேடி, வாங்கி, சொதப்பி, கடைசியில ஒண்ணு அமைஞ்சது. அந்தக் கதைதான் இது. கேமரா இல்லாதவங்களும் படிக்கலாம். கத்தி, கரண்டி, பைக் கிளட்ச், செல்போன் எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

2/
முதல்ல கேமரா. யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். 1973ல வந்த மாடல். அப்பா துறைமுகத்துல வேலை பார்த்த காலத்துல பர்மா பஜார்ல வாங்கினது. எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. எங்க வீட்டுக் காதுகுத்து, கல்யாணம், வெள்ளம் எல்லாம் இதுலதான் பதிவாகியிருக்கு. அப்பா போனப்புறம் பீரோவுல கிடந்ததை எடுத்து சர்வீஸ் பண்ணினேன். அந்தக் காலத்து 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்ப கிடையாது. அடாப்டர் வச்சு 6 வோல்ட் பேட்டரியில ஓடுது.

3/
ரேஞ்ச்ஃபைண்டர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: லென்ஸ் வழியா பார்க்கற கேமரா இல்ல இது. மேல ஓரமா ஒரு தனி ஜன்னல். அதுக்குள்ள பார்த்தா நடுவுல ஒரே உருவம் ரெண்டா தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ரெண்டும் நெருங்கி வந்து ஒண்ணு மேல ஒண்ணு படியும். படிஞ்சா ஃபோகஸ் சரி. உள்ள மேலே கீழே குதிக்கிற கண்ணாடி இல்லாததால சத்தமும் கம்மி, அதிர்வும் கம்மி.

4/
இந்த வகை கேமரா எல்லாமே சோப்பு டப்பா மாதிரி தட்டையா, வழவழன்னு இருக்கும். 1925ல விற்பனைக்கு வந்த லைக்காவிலிருந்தே அப்படித்தான். கோட்டுப் பையில போட்டுட்டுப் போகணும்ங்கறதுதான் யோசனை. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த ஆன்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் கையில இருந்ததும் லைக்காதான். மோட்டாரும் பெரிய பேட்டரியும் கேமராவுக்குள்ள வந்து, வலது பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்கிற வடிவம் பரவலானது 1980களில். நம்ம விரல் போய்ப் பிடிச்சுக்க ஒரு மேடு கிடைச்சது அப்பதான். என் யாஷிகாவுக்கு அந்த பாக்கியம் இல்ல.

5/
இப்ப காசிமேடு. விடியக்காலை நாலரை மணி. விசைப்படகுகள் வந்து ஏலம் நடக்குற நேரம். சோடியம் விளக்கு வெளிச்சம்தான். இந்த கேமராவுல ஷட்டர் 1/30 வினாடியை விட மெதுவா போகப்போகுதுன்னா ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கை ஆடினா படம் கலங்கும்னு எச்சரிக்கை. அன்னைக்கு மஞ்சள் அணையவே இல்ல. ஆடக்கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சேன். பிடிச்ச பிடியில ஃபிலிம் லீவரை வலது கட்டைவிரலால இழுத்தேன். மணிக்கட்டுக்குப் பக்கத்துல சுளீர்னு ஒரு வலி. விரல் தானா விட்டுருச்சு.

6/
எனக்கு 53 வயசு. அந்த வலி எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். கட்டைவிரல் மணிக்கட்டோட சேர்ற அடிமூட்டு குதிரைச் சேணம் மாதிரி ரெண்டு பக்கமும் வளைஞ்சது. அதனாலதான் கட்டைவிரல் எல்லா விரலையும் தொட முடியுது. அதனாலயேதான் சீக்கிரம் தேயவும் செய்யுது. மாதவிடாய் நின்ன பெண்கள்கிட்ட இந்தத் தேய்மானம் ரொம்ப சாதாரணம். பாட்டில் மூடி திருகும்போது, சாவி திருப்பும்போது, துணி பிழியும்போது வலிக்குதுன்னு வர்றவங்களை வாரத்துக்கு ரெண்டு பேராவது பார்க்கறேன்.

7/
ஒரு கணக்கு சொல்றேன். கட்டைவிரல் நுனியில 1 கிலோ விசையில எதையாவது கிள்ளிப் பிடிச்சா, அந்த அடிமூட்டுல விழற அழுத்தம் கிட்டத்தட்ட 12 கிலோ. 1977ல வெளியான ஆய்வு. கையைப் பத்திப் படிக்கிற எல்லாருக்கும் இன்னைக்கும் சொல்லித்தர்ற கணக்கு. நுனியில நாம மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு 100 கிராமும் அடியில ஒரு கிலோவுக்கு மேல மிச்சம்.

8/
ஜான் நேப்பியர்ங்கற பிரிட்டிஷ் உடற்கூறியலாளர் 1956ல மனுஷன் பிடிக்கிற பிடியை ரெண்டா பிரிச்சார். சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கை முழுக்க சேர்ந்து பிடிக்கிறது வலுப்பிடி. பேனா, ஊசி மாதிரி விரல் நுனியால பிடிக்கிறது நுட்பப்பிடி. தட்டையான கேமராவோட பிரச்சினை இங்கதான். முக்கால் கிலோ எடையை நாம நுட்பப்பிடியில தூக்கறோம். முன்னாடி மூணு விரல், பின்னாடி கட்டைவிரல், நடுவுல வழவழப்பு. வியர்வை வேற. வழுக்கறதைப் பிடிக்க இன்னும் இறுக்கணும். இறுக்க இறுக்க தசை நடுங்கும், படமும் ஆடும்.

9/
இதெல்லாம் தெரிஞ்ச நான் என்ன பண்ணினேன்? ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைன்ல கண்ணுல பட்டதை எல்லாம் ஆர்டர் போட்டேன். ஒவ்வொண்ணா சொல்றேன். என் அனுபவம் உங்களுக்குக் காசு மிச்சம் பண்ணட்டும்.

10/
முதல் பொருள்: கட்டைவிரல் தாங்கி. ஃபிளாஷ் மாட்டற இடத்துல சொருகற ஒரு உலோகக் கொக்கி. பின்பக்கமா வளைஞ்சு வரும், கட்டைவிரலை அதுல முட்டு கொடுத்துக்கலாம். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வச்சிருக்கறவங்களுக்கு அருமையான பொருள். ஃபிலிம் கேமராவுக்கு ஒரு சிக்கல்: லீவர் போற பாதையில அது குறுக்க நிக்கக்கூடாது. எனக்கு வந்தது நின்னுது. லீவர் பாதியிலயே முட்டிருச்சு. உங்க மாடலுக்குன்னு செஞ்சதா, லீவரை முழுசா இழுத்துப் பார்த்தீங்களாங்கறது முக்கியம்.

11/
ரெண்டாவது: அடித்தட்டு கிரிப். ட்ரைபாட் திருகு ஓட்டையில மாட்டற தட்டு, முன்பக்கம் ஒரு மேடு. விரலுக்கு நல்ல பிடி. ஆனா ஃபிலிம் கேமராவுல ரீவைண்ட் பட்டன் அடியிலதான் இருக்கும். என்னோடதுல பேட்டரி மூடியும் அங்கதான். தட்டு ரெண்டையும் மூடிருச்சுன்னா ஒவ்வொரு ரோல் முடியும்போதும் காசு வச்சுத் திருகைக் கழட்டணும். அலுமினியத் தட்டு எடையையும் கூட்டும். எடை கூடினா ஆட்டம் குறையும்னு சில பேருக்குப் பிடிக்கும். மூட்டு தேஞ்சவங்களுக்குப் பிடிக்காது.

12/
மூணாவது: தோல் அரை உறை. கேமராவோட கீழ்ப்பாதிக்குச் சட்டை மாட்டின மாதிரி. முன்னாடி தோலையே கொஞ்சம் புடைச்சுத் தைச்சிருப்பாங்க. பெரியமேட்டுல தோல் வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட அளவு கொடுத்துத் தைச்சேன். பார்க்க அழகு, பிடிக்கவும் மெத்துன்னு இருந்தது. ஆனா நம்ம கடற்கரைக் காத்துக்கும் புழுக்கத்துக்கும் தோல் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும். மாட்டினபடியே பீரோவுல வச்சா உறையிலயும் பூஞ்சை, லென்ஸ்லயும் பூஞ்சை. கழட்டித் துடைச்சு, சிலிக்கா ஜெல் போட்டுத் தனியா வைக்கிற பொறுமை இருந்தா வாங்குங்க.

13/
நாலாவது: விரல் வளையம். கிரிப்புல இருந்து நீட்டிக்கிட்டிருக்கற வளையத்துல நடுவிரலை நுழைச்சுக்கிட்டா கேமரா விழவே விழாது. டாக்டரா ஒரு எச்சரிக்கை: படகுல, லாரியில, ஏணியில ஏறி இறங்கி எடுக்கறவங்க இதைத் தவிர்க்கலாம். லாரியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் எங்கயாவது மாட்டி விரல் தோலோட உரிஞ்சு வர்ற காயத்தைப் பார்த்த யாரும் விரலை எதுலயும் பூட்ட மாட்டாங்க. கேமரா விழுந்தா விழட்டும். விரல் போனா வராது.

14/
அஞ்சாவது: மணிக்கட்டு ஸ்ட்ராப். இது கேமராவைத் தாங்காது, விழாமப் பார்த்துக்கும், அவ்வளவுதான். ஆனா அந்தத் தைரியத்துலயே பிடியைத் தளர்த்த முடியும். என்னை மாதிரி ரெண்டு மணி நேரம் சுத்தறவங்களுக்குக் கழுத்து ஸ்ட்ராப்பே நல்லது. படமெடுக்காத நேரத்துல எடையைக் கழுத்து வாங்கிக்கும், கை சும்மா இருக்கும்.

15/
ஆறாவது: ஷட்டர் பட்டன் மேல திருகற சின்னக் குமிழ். என் கேமராவுல பட்டன் ரொம்ப ஆழமா போய்த்தான் கிளிக் ஆகும். குமிழ் போட்டதும் விரல் நுனிக்குப் பதிலா முதல் மூட்டாலயே மெல்ல அழுத்த முடிஞ்சது. விலை குறைவு, பலன் அதிகம். பைக்குள்ள தானா அமுங்கி ஒரு ஃபிலிம் வீணாகும், அதனால பட்டன் பூட்டைப் போட்டு வைங்க.

16/
இத்தனையும் வாங்கியும் வலி போகல. எலும்பு டாக்டர் நண்பர்கிட்ட காட்டினேன். எக்ஸ்ரே பார்த்துட்டு, "மேடம், ஆரம்பத் தேய்மானம்தான். ரெண்டு மாசம் அந்த கேமராவை ஓரமா வையுங்க"ன்னார். சரியான அறிவுரை. ஆனா எனக்குக் கோபம் வந்தது. வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, எனக்குன்னு இருக்கற ரெண்டு மணி நேரம் அது. ஓரமா வைன்னு எவ்வளவு சுலபமா சொல்லிட்டாருன்னு வீடு வர்ற வரைக்கும் பொருமினேன்.

17/
வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒரு முகம் ஞாபகம் வந்தது. போன வருஷம் என் கிளினிக்குக்கு வந்த ஒரு அக்கா. காசிமேட்டில் மீன் நறுக்கித் தர்றவங்க. அதே மூட்டு, அதே வலி, என்னை விட நாலு மடங்கு மோசம். மாத்திரை, தைலம் எழுதிட்டு, "கைக்கு ரெஸ்ட் குடுங்கக்கா"ன்னேன். அவங்க சிரிச்சாங்க. "இன்னா டாக்டரம்மா சொல்ற? நான் கைய கட்டிக்கினு குந்திக்கினா மீன யாரு நறுக்குவா, ஊட்டுக்கு யாரு துட்டு குடுப்பா?" நான் அதுக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. ஏதோ சொல்லி அனுப்பியிருப்பேன். அவங்க திரும்ப வரல. வரலைன்னு நானும் கவனிக்கல.

18/
(அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் மட்டும் வேணாம்னாங்க.)

19/
மறுநாள் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தோழிக்கு ஃபோன் பண்ணினேன். ஸ்டான்லியில கை சிகிச்சைப் பிரிவுல பயிற்சி எடுத்தவங்க. வடசென்னைக்காரங்களுக்கு அந்தப் பிரிவைச் சொல்லவே வேண்டாம். பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970களில் கட்டியெழுப்பினது. பவர் பிரஸ்ல, பெல்ட்ல, வின்ச்சுல மாட்டின கைகள் மணலி, எண்ணூர், திருவொற்றியூர்னு எல்லாப் பக்கமிருந்தும் அங்கதான் போகும். விரலைத் தைக்கறதோட வேலை முடியாது. அந்தக் கையால மறுபடி என்ன செய்யப்போறாங்கங்கறது வரைக்கும் பார்க்கற இடம்.

20/
தோழி கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கையால எதைப் பிடிக்கிற? எடுத்துட்டு வா." மருந்து பத்தியே பேசல. கேமராவைக் கையில வாங்கிப் பார்த்துட்டு சொன்னாங்க: "நாங்க வார்டுல கரண்டிக் காம்புல ஸ்பாஞ்ச் சுத்தி பருமனாக்கித் தருவோம். காம்பு பருமனா இருந்தா விரல் முழுசா மடங்க வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். உனக்கும் அதேதான். எடை விரல்ல தொங்கணும், கட்டைவிரல் சும்மா சாஞ்சிருக்கணும்."

21/
வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்ச பால் பிராண்டும் இதைத்தான் கவனிச்சார். உணர்ச்சி இல்லாத கை தேவைக்கு மேல அழுத்திப் பிடிக்கும், அந்த அழுத்தமே கையைப் புண்ணாக்கும். எனக்கு உணர்ச்சி இருக்கு. ஆனா பயம் இருந்தது, அப்பாவோட கேமரா விழுந்துருமோன்னு. பயந்த கையும் தேவைக்கு மேலதான் பிடிக்குது.

22/
அப்புறம் நாங்க செஞ்சது: ஸ்ப்ளின்ட் செய்யற பிளாஸ்டிக் தகடு ஒண்ணு இருக்கு. 65, 70 டிகிரி வெந்நீர்ல போட்டா அப்பளம் மாதிரி தொய்யும், ஆறினா இறுகும். கேமரா அளவுக்கு ஒரு மரத்துண்டு அறுத்து, அதுமேல தகட்டை வச்சு, என் விரல்களாலயே அமுக்கி வடிவம் எடுத்தோம். (சூடான ஈரத் தகட்டை நேரா கேமரா மேல வச்சுராதீங்க.) திருவொற்றியூர்ல ஒரு லேத் பட்டறையில அடிப்பக்கம் கால் இஞ்சு திருகுக்கு ஓட்டை, ரீவைண்ட் பட்டனுக்கும் பேட்டரி மூடிக்கும் ஜன்னல். மேல பேட்மிண்டன் மட்டைக்குச் சுத்தற டேப். வியர்வையிலயும் வழுக்காது, அழுக்கானா மாத்திக்கலாம். கேமரா மேல ஒரு சொட்டு பசை கூட இல்ல. கழட்டினா அப்பா வாங்கினது அப்படியே இருக்கு.

23/
நீங்க எந்த கிரிப் வாங்கினாலும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:
• வலது கையில மட்டும் கேமராவைத் தொங்கவிட்டு, கட்டைவிரலை மெல்ல எடுங்க. கீழ மெத்தை இருக்கட்டும். ரெண்டு நொடியாவது விரல்லயே தொங்கினா நல்ல கிரிப். உடனே வழுக்கினா வெறும் அலங்காரம்.
• லீவர், பேட்டரி மூடி, ரீவைண்ட் பட்டன் மூணும் தடையில்லாம வேலை செய்யுதா?
• மொத்த எடை எவ்வளவு கூடுது?
• ஈரமானா என்ன ஆகும்?
• உங்க கை அளவு என்ன? அடுத்தவங்க எவ்வளவு புகழ்ந்து எழுதியிருந்தாலும் அது அவங்க கைக்கு.

24/
கிரிப்பை விடப் பழக்கம் பெரிசு. இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில கிண்ணம் மாதிரி வச்சு எடையை அதுல இறக்குங்க. முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். லீவர் இழுக்கும்போது கட்டைவிரலை மட்டும் ஆட்டாம, முன்கை முழுசையும் திருப்புங்க. ஒரு படம் எடுத்தா கேமராவை இறக்கி, விரலை நீட்டி மடக்குங்க. மூச்சு விட்டுட்டே அழுத்துங்க. மஞ்சள் விளக்கு எரிஞ்சாலும் இப்ப எனக்குப் பாதிப் படம் தேறுது.

25/
இதை மட்டும் வச்சு வைத்தியம் பண்ணிக்காதீங்க. ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போச்சுன்னா அது நரம்பு அழுத்தமா இருக்கலாம். மணிக்கட்டு ஓரம் வீங்கி, கட்டைவிரலைத் தூக்கினா வலிக்குதுன்னா தசைநாண் உறை வீக்கமா இருக்கலாம். கைக்குழந்தை தூக்கற அம்மாக்களுக்கு இது அடிக்கடி வரும். விரல் மடங்கி பட்டுன்னு விடுதா? சுகர் இருந்து, கும்பிடும்போது ரெண்டு உள்ளங்கையும் முழுசா ஒட்ட மாட்டேங்குதா? டாக்டர்கிட்ட காட்டுங்க. பொருள் சரியில்லாம வர்ற வலி வேற, உள்ள வியாதி இருந்து வர்ற வலி வேற.

26/
கடைசியா அந்த அக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை கேமராவோட ஒரு பழைய சைக்கிள் ட்யூபும் கத்திரிக்கோலும் எடுத்துட்டுப் போனேன். விசாரிச்சுக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. கத்திக் காம்புல அவங்களே பழைய புடவைத் துணியைச் சுத்தி வச்சிருந்தாங்க. நான் படிச்சு, கேட்டு, காசு செலவு பண்ணித் தெரிஞ்சுக்கிட்ட அதே வைத்தியம். ஆனா துணி மீன் ரத்தத்துல ஊறி வழுக்குது, அதனால இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாங்க.

27/
துணியை எடுத்துட்டு ட்யூபை ரெண்டு அடுக்கா ஏத்தினோம். சோப்புத் தண்ணியில கழுவிக்கலாம், நாறாது. அவங்க ரெண்டு வஞ்சரம் நறுக்கிப் பார்த்தாங்க. "பரவால்ல, வழுக்கல. இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா?" பதில் சொல்ல முடியல. "அன்னிக்கு எனக்குத் தெரியாதுக்கா"ன்னேன். பாதிதான் உண்மை. தெரியும், கேக்கத் தோணல.

28/
வலி முழுசா போகல. அவங்க மூட்டு ரொம்பவே தேஞ்சிருக்கு. கட்டைவிரலுக்கு ஒரு ஸ்ப்ளின்ட் தோழி செஞ்சு குடுத்தாங்க, அதை ராத்திரி மட்டும் போட்டுக்கறாங்க. பெரிய மீன் தலையை இப்ப மருமக பிளக்குது. சின்ன மீனு, இறால் இவங்க. அடுத்து ஊசி தேவைப்படலாம், அறுவை சிகிச்சை வரைக்கும் கூடப் போகலாம். ஆனா இந்த முறை அவங்க கிளினிக்குக்குத் திரும்ப வந்தாங்க. நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒருத்தர் வலை பின்னறவர், ஒருத்தர் கன்டெய்னர் லாரி டிரைவர், ரெண்டு பேர் அவங்க பக்கத்துல நறுக்கறவங்க.

29/
இப்ப கை வலின்னு யார் வந்தாலும் சீட்டுல முதல் வரியா ஒண்ணு எழுதறேன்: எதைப் பிடிக்கிறாங்க. முடிஞ்சா அடுத்த முறை அதைக் கொண்டு வரச் சொல்றேன். போன வாரம் என் மேஜை மேல ஒரு ஸ்பேனர், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு மீன் கத்தி. கம்பவுண்டர் தம்பி, "மேடம், ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே"ங்கறான்.

30/
அன்னைக்கு அந்த அக்கா கையை ஒரே ஒரு படம் எடுத்தேன். கருப்பு ட்யூப் சுத்தின காம்பு, அதைத் தளர்வா பிடிச்ச விரல்கள். விடியறதுக்கு முன்னாடி எடுத்தது, மஞ்சள் விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது. கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு. பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். பார்த்துட்டு, "மூஞ்சிய எடுக்காம கைய எடுத்துக்கினு வந்திருக்கியே"ன்னு திட்டினாங்க. அடுத்த ஞாயிறு மூஞ்சி.

உங்க கைக்கு நீங்க செஞ்சுக்கிட்ட ஒட்டுவேலை ஏதாவது இருந்தா கீழ எழுதுங்க. ரப்பர், துணி, டேப், எதுவானாலும். யாருக்காவது உதவும்.